சனிக்கிழமையில் கரண்ட் வெட்டுவதில்லை

ராசா,

நலமா என்று கேட்கப் போவதில்லை. நேற்றுத்தான் உன்னைக் கண்டேன். நன்றாக இருக்கிறாய், கன்னம்கூடக் கொஞ்சம் வைத்திருக்கிறது. உன் வீட்டுக்குப் பின்னால் குடியிருக்கிறவர்கள்தான் நலமாக இல்லை. அதற்குத்தான் இந்தக் கடிதம். தொலைபேசியில் சொன்னால் “அம்மா, காம் டவுன்” என்பாய், எனக்கு இன்னும் கொதி ஏறும். தமிழில் எழுதினால் உனக்கு மெதுவாகத்தான் வாசிக்க வரும். நல்லது, மெதுவாகவே வாசி. ஞாயிற்றுக்கிழமைகளில் நீ குளறக் குளற உன்னைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போனது இப்படி ஒரு நாளைக்காகத்தான் என்று இப்போது படுகிறது. இது ஒளித்து எழுதும் கடிதமும் அல்ல. அப்பா வாசித்துவிட்டார். “உந்தக் கடிதத்தை அனுப்பத்தான் போறீரோ?” என்று கேட்டார். ஓம், அனுப்பத்தான் போகிறேன். தமிழ்ச் சங்கத்து ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று என்னை ஆய்க்கினைப்படுத்திக்கொண்டிருக்கிறார்கள். உன் நடத்தையைப் பொறுத்து அவர்களுக்கும் ஒரு பிரதி போகும்.

மாதக்கணக்கில் தள்ளிப்போட்டு இந்தச் சனிக்கிழமை வைத்திருக்கும் உன் புதுவீட்டுக் குடிபூரலுக்குப் பால் காய்ச்சும் பானையும் அடுப்பும் சரியாக இருக்கின்றனவா என்று பார்க்கத்தான் நேற்றுப் பின்னேரம் மாசிப் பகுதிக்கு, உன் வீட்டுக்கு வந்தேன். நீ மேலறையில் காதில் கருவியை மாட்டிக்கொண்டு உன் வங்கிக் கூட்டத்தில் இருந்தாய். அந்த நேரம் பின்கதவைத் தட்டிக்கொண்டு ஜெனிற்றா வந்தாள். உன் வளவின் பின்பக்கம் இருக்கும் ஒற்றையறை வீட்டில் நீ வாடகைக்கு வைத்திருக்கும் மன்னார்ப் பிள்ளை. புருஷன் அன்ரனோடு இந்த நாட்டுக்கு வந்து இன்னும் ஒரு வருடம் ஆகவில்லை. தோளில் மூன்று மாதக் குழந்தை, கையில் ஈயத்தாளால் மூடிய ஒரு தட்டு, தட்டின் அடியில் மடித்துப் பிடித்த ஐம்பது டொலர்.

“அன்ரி, இதைத் தம்பியிட்டைக் குடுத்து விடுறீங்களோ? மீற்றரிலை ஆறு டொலர்தான் மிச்சம் எண்டு காலமை மெசேஜ் போட்டவர். அன்ரனுக்குச் சம்பளம் நாளைக்குத்தான் விழும், கையிலை இருந்த காசு இது.”

“சரி பிள்ளை, குடுக்கிறன். தட்டு என்னத்துக்கு?”

“வெறுங்கையோடை எப்பிடி அன்ரி வாறது? கொஞ்சம் மீன் கட்லட்.”

“இந்தக் குளிருக்கை பிள்ளைக்கு ஹீற்றர் போடுறேல்லையோ?”

“பகலிலை லைப்ரரிக்குத் தூக்கிக்கொண்டு போயிடுவன். அங்கை நல்ல சூடு, காசும் இல்லை” என்று சிரித்தாள். குழந்தைக்கு மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. அந்தச் சிரிப்பை எனக்குத் தெரியும். அதே சிரிப்பை நான் இரண்டு வருடம் சிரித்திருக்கிறேன், இதே மாசியில், உன் புதுவீட்டிலிருந்து காரில் ஐந்து நிமிடத் தூரத்தில். தட்டையும் காசையும் வாங்கி உன் குசினி மேசையில் வைத்தேன்.

நீ கீழே வந்ததும் கேட்டேன். ஐயோ, என்ன பெருமையாக லப்டொப்பைத் திறந்தாய்! “அம்மா, ஐ டிட் த கம்பாரிசன்.” நாலு கம்பனிகளின் பெயர், ஒவ்வொன்றுக்கும் நாள் கட்டணம், யூனிட் விலை, நேரத்துக்குக் கட்டினால் கிடைக்கும் கழிவு, எல்லாம் வரிசையாகப் போட்டிருந்தாய். முன்கூட்டியே காசு போட்டுவைக்கும் பிரீபே மீற்றர் என்ற வரிக்கு மட்டும் பச்சை நிறம் பூசியிருந்தாய். அதுதானே இருக்கிறதிலேயே விலை கூட என்று நான் விரலை வைத்துக் காட்டினேன். “ஓம், பட் அவை பில் கட்டாமல் போயிட்டினம் எண்டால் எனக்குத்தானே தலையிடி? பிரீபே எண்டால் காசு முடிய தானா நிக்கும். இட்ஸ் ஜஸ்ட் ஈசியர்” என்றாய். கணக்கு யாருடைய பெயரில் என்று கேட்டேன். உன் பெயரில். காசு போடுவது யாருடைய போனிலிருந்து? உன் போனிலிருந்து. ஐம்பது தந்தால் ஐம்பதுக்கும் போடுகிறாயா என்று கேட்டேன். கொஞ்சம் நெளிந்துவிட்டு, “நாற்பத்தஞ்சு. அஞ்சு ஃபோர் த ஹாசில்” என்றாய், உன் கரைச்சலுக்குக் கூலியாம். அப்படிச் சொல்லிக்கொண்டே ஈயத்தாளை உரித்து அவளுடைய கட்லட்டை எடுத்துக் கடித்தாய். இரண்டு தின்றாய். நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

காஸ் கணக்கை அதற்குப் பிறகுதான் காட்டினாய். பின்சுவரில் நிற்கும் இரண்டு சிலிண்டரிலிருந்துதான் உன் குளியலறைக்கும் அவர்களுக்கும் சுடுதண்ணீர் போகிறது. காஸ் விலையையும் சிலிண்டரின் வருட வாடகையையும் கூட்டி ஆள் கணக்கில் பிரித்திருந்தாய். நீ ஒரு பங்கு. அவர்கள் மூன்று பங்கு. மூன்றாவது பங்குக்காரர் ஒரு பேசினுக்குள் குளிக்கிறவர், பேசினில் பாதித் தண்ணீர்கூடத் தேவைப்படாதவர். நீயோ அரை மணித்தியாலம் ஷவரின் கீழே நின்று பாட்டுப் படிப்பாய். இருபத்தெட்டு வருடமாக உன்னை வளர்த்தவளுக்குத் தெரியாதா?

நான் ஒன்றும் பேசாமல் பிளாக்ஹவுஸ் பேயில் எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்துவிட்டேன். உனக்கு அது நல்ல அடையாளம் என்று பட்டிருக்கும். நான் பேசாமல் போனால் என்ன அர்த்தம் என்று தெரிந்த ஒரே ஆள் உன் பரமப் பெரியப்பா. அவரிடம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்.

இப்போது அந்தக் கதைக்கு வருகிறேன். உனக்குப் பாதிதான் தெரியும். நாங்கள் இந்த நாட்டுக்கு வந்தபோது உனக்கு ஐந்து வயது. அப்பாவின் ஒன்றுவிட்ட அண்ணன் பரமண்ணை, மாசியில் மேலும் கீழுமாகப் பெரிய வீடு. கீழ்ப்பகுதியை எங்களுக்கு வாடகைக்குத் தந்தார். எங்கள் விசா அலுவலுக்கும் அவருடைய கடிதம்தான் துணை. வந்த முதல் நாளே சொன்னார், “கீழைக்குத் தனி மீற்றர், தம்பி. பிரீபே. நீங்கள் காசைத் தந்தால் நான் போட்டு விடுவன். முடிஞ்சால் தானா நிண்டிடும், என்னிலை பிழை பிடிக்கப்படாது.” அப்பா தலையை ஆட்டினார். ஒரு பில் காட்டுங்கள் என்று கேளுங்கள் என்றேன் நான். “சொந்தத்துக்குள்ளை பில் கேக்கிறதோ? என்ன நினைப்பினம்?” என்று என்னை அடக்கிவிட்டார். எங்கள் சனத்தின் வியாதி அது. கடைக்காரனிடம் ஐந்து சதத்துக்குச் சண்டை பிடிப்போம். சொந்தக்காரன் ஏமாற்றினால் மானம் போய்விடும் என்று வாயை மூடிக்கொண்டிருப்போம். நானும் மூடிக்கொண்டிருந்தேன். என் முதல் பிழை அது, இன்றைக்கும் அதை நினைத்தால் என் வாயிலேயே நாலு போடவேண்டும் போலிருக்கும்.

அந்த வீட்டுக்கு வெளிப்பக்கமாகப் பதினான்கு படி. கரண்ட் நிற்கிற ஒவ்வொரு முறையும் அப்பா அந்தப் பதினான்கு படி ஏறி, கதவைத் தட்டி, செருப்பைக் கழற்றிவிட்டு நிற்பார். வெறுங்கையோடு போகக்கூடாதே! நான் எதையாவது செய்து கொடுத்துவிட வேண்டும். புட்டு, இறால் பொரியல், ஒருநாள் ஒடியல் கூழ்கூட. எங்கள் காசில் ஓடிய அடுப்பில் சமைத்து, பாதியை மேலே அனுப்பி, எங்கள் காசையும் கொடுத்து, வெளிச்சம் தாருங்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தோம். பரமண்ணையின் மனைவி ராணியக்கா தட்டைக் கழுவாமல் திருப்பித் தருவா. “உங்கடை மீற்றர் நல்லாத் தின்னுது, என்ன?” என்று ஒவ்வொரு முறையும் அப்பாவிடம் சொல்லுவா. அப்பா கீழே வந்து அதைச் சொல்லிச் சிரிப்பார். அவருடைய சிரிப்பும் ஜெனிற்றாவுடையது மாதிரித்தான் இருக்கும்.

உன் ஏழாவது பிறந்தநாள் உனக்கு நினைவிருக்கும். சனிக்கிழமை பின்னேரம். உன் வகுப்புப் பிள்ளைகள் ஆறு பேர், அவர்களின் தாய்மார் இரண்டு பேர் வந்திருந்தார்கள். அவணுக்குள் கேக் பாதி எழும்பியிருந்தது. சட்டியில் ரோல்ஸ் பொரிந்துகொண்டிருந்தது. டக்கென்று எல்லாம் நின்றது. அப்பா கையில் இருந்த காசையும் நாலு ரோல்ஸையும் எடுத்துக்கொண்டு படியேறினார். பரமண்ணை வெளியே போயிருக்கிறாராம், வந்துதான் போடலாமாம். வந்திருந்த தாய்மாரில் ஒருத்தி என்னைப் பார்த்த பார்வையில் இரக்கம் இருந்தது. அடித்திருந்தாலும் அவ்வளவு நொந்திருக்காது. அந்தக் கேக் நடுவில் குழி விழுந்து இறங்கிப்போனது. நீயோ அதைப் பார்த்துக் கைதட்டினாய், குழிக்குள் ஜெலியை ஊற்றச் சொன்னாய். அடுத்த வருடமும் “அந்தக் குழிக் கேக்தான் வேணும்” என்று அடம் பிடித்தாய். நான் குசினிக்குள் போய் அழுதேன். அந்த இருளுக்குள் படியிறங்கி வந்து கதவைத் தட்டியது பரமண்ணையின் மகள் தாரணி. பத்து வயதுப் பிள்ளை. தாய்க்குத் தெரியாமல் கைநிறைய மெழுகுதிரி கொண்டுவந்திருந்தாள். அதை மறந்துவிடாதே, அவளைப் பற்றிப் பிறகு சொல்லவேண்டும்.

அப்போது நான் முதியோர் இல்லத்தில் துணி தோய்க்கும் பகுதியில் வேலை. கூட வேலை செய்தவள் சினா, சமோவாக்காரி, வாயைத் திறந்தால் கூரை பறக்கும். திங்கட்கிழமை தேத்தண்ணி நேரத்தில் அவளிடம் சொல்லி அழுதேன். அவளுடைய வீட்டிலும் பிரீபேதான். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, “எந்த நாள் வெட்டினார்கள் என்றாய்?” என்று கேட்டாள். சனிக்கிழமை என்றேன். “சனிக்கிழமையா? இல்லையடி பெண்ணே. பிரீபேக் கம்பனிக்காரர்கள் சனி, ஞாயிறு வெட்டமாட்டார்கள். காசு முடிந்தாலும் திங்கள் காலை வரைக்கும் விட்டுவைப்பார்கள். என்னுடையது அப்படித்தான்” என்றாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவள் அங்கேயே தொலைபேசியில் தன் கரண்ட் கம்பனிக்கு எடுத்து எங்கள் முகவரியைக் கொடுத்தாள். முகவரியைக் கொடுத்தால் அந்த வீட்டுக்கு எத்தனை மீற்றர் என்று அவர்களுக்குத் தெரியும். பார்த்துச் சொன்னார்கள். ஒன்றே ஒன்று. மேலுக்கும் கீழுக்கும் சேர்த்து ஒரு மீற்றர். அதுவும் மாதம் முடியப் பில் வருகிற சாதாரண மீற்றர்.

என்ன முழிக்கிறாய்? அங்கே பிரீபே என்று ஒன்று இருக்கவே இல்லை. இரண்டு நாள் கழித்துக் கரண்ட் நின்றபோது அப்பாவை இருக்கச் சொல்லிவிட்டு நானே செருப்பில்லாமல் சத்தமில்லாமல் பதினான்கு படியும் ஏறினேன். கதவு நீக்கலாக இருந்தது. நடைக்குள் சுவரில் ஒரு சாம்பல் நிறப் பெட்டி, மேலுக்கும் கீழுக்குமான சுவிட்சுகள் அதற்குள். ராணியக்கா அதன் மூடியைச் சாத்திக்கொண்டிருந்தா. எங்கள் மீற்றர் ராணியக்காவின் விரல்தான். உன் கேக்கை இறக்கியதும் அந்த விரல்தான்.

சினா என்னை இருத்தி வைத்துப் பழைய கடித உறை ஒன்றின் பின்பக்கத்தில் எல்லாம் காட்டித் தந்தாள். ஒரு விளக்குக்கூடப் போடாவிட்டாலும் நாளுக்கு இவ்வளவு என்று ஒரு கட்டணம் ஓடும். யூனிட்டுக்கு ஒரு விலை ஓடும். இரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் எது மலிவு என்று சொல்ல ஏலாது. கொஞ்சம் பாவிக்கிற வீட்டுக்கு நாள் கட்டணம் குறைந்தது நல்லது, அதிகம் பாவிக்கிற வீட்டுக்கு யூனிட் விலை குறைந்தது நல்லது. பிரீபே என்றால் ஒவ்வொரு முறை காசு போடும்போதும் தனியாக ஏதாவது பிடிக்கிறார்களா, நின்றால் திரும்பப் போட ஏதாவது கேட்கிறார்களா என்று பார்க்கவேண்டும். நாங்கள் பரமண்ணைக்குக் கொடுத்ததை அதோடு வைத்துப் பார்த்தோம். சினா பென்சிலைக் கீழே வைத்துவிட்டு ஒரு கெட்ட வார்த்தை சொன்னாள். அந்தக் காசுக்கு எங்கள் கீழ்வீடு மட்டுமல்ல, அவர்களுடைய மேல்வீடும் ஓடிக்கொண்டிருந்தது. அவர்களுடைய ஹீற்றர், அவர்களுடைய உடுப்புக் காயவைக்கும் மெஷின், ராணியக்காவின் கால் சூடாக்கும் போர்வை, எல்லாம்.

நீ கேட்பாய், ஏன் அன்றைக்கே போய்க் கிழிக்கவில்லை என்று. விசா, ராசா. அவருடைய கடிதம். விசாப் பத்திரம் கைக்கு வரும்வரைக்கும் இன்னும் ஏழு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு, புட்டு அவித்து, மேலே அனுப்பி, “அண்ணை, அக்கா” என்று சிரித்துக் கதைத்தேன். பத்திரம் வந்த மாதமே பிளாக்ஹவுஸ் பே பகுதிக்கு மாறினோம். அப்போதும் சண்டை பிடிக்கவில்லை. அப்பா, “விடுமப்பா, போனது போகட்டும்” என்றார். அவர் விட்டார். நான் வைத்திருந்தேன். மூன்று வருடம் வைத்திருந்தேன்.

தாரணியின் பரதநாட்டிய அரங்கேற்றத்துக்கு உன்னையும் கூட்டிக்கொண்டு போனேனே. ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், நானூறு பேர் கொள்ளும் மண்டபம், திரைச்சீலை எல்லாம் இழுத்து இருட்டாக்கி, மேடைக்கு மட்டும் வெளிச்சம். பரமண்ணை பட்டு வேட்டியோடு வாசலில் நின்று பெரிய மனிதர்களுக்கெல்லாம் பன்னீர் தெளித்துக்கொண்டிருந்தார். சொந்தம் அல்லவா, என்னைக் குசினிக்கு விட்டிருந்தார்கள். வடையும் தேத்தண்ணியும் என் பொறுப்பு. குசினிக் கதவுக்குப் பின்னால் ஒரு சாம்பல் நிறப் பெட்டி. மண்டபத்தின் மெயின் சுவிட்ச். அதைக் கண்ட நேரத்திலிருந்து எனக்கு வடை உருண்டையாகவே வரவில்லை. கூட நின்ற பெண்கள் பெரிய உருப்படி தொடங்கப்போகிறது என்று பார்க்கப் போனார்கள். நான் போகவில்லை. ஆட்டம் நன்றாகச் சூடு பிடிக்கும்வரைக்கும் காத்திருந்தேன். பிறகு சுவிட்சைக் கீழே தட்டினேன்.

அன்றைக்கு ஃபியூஸ் போனது என்றுதானே நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய்? ஃபியூஸ் உன் அம்மா.

பரமண்ணை குசினிக்குள் ஓடி வந்தார். நான் பெட்டிக்கு முன்னால் நின்றேன். உள்ளங்கையை நீட்டினேன். “அம்பது டொலர் தாங்கோ அண்ணை. மீற்றர் நல்லாத் தின்னுது.” அந்த மனிதரின் முகத்தை நீ பார்த்திருக்கவேண்டும்! முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. தலையிலிருந்து கால்வரைக்கும் விளங்கியது. பணப்பையை எடுத்து, ஐம்பது டொலரை வடைத் தட்டில் வைத்தார். நான் சுவிட்சை மேலே தட்டினேன். இரண்டு நிமிடம்கூட இருக்காது. என் வாழ்க்கையில் அவ்வளவு இனித்த இரண்டு நிமிடம் வேறு இல்லை. நீ பிறந்த நேரம்கூட நோவுதான் கூட இருந்தது.

ஆனால் நான் நினைத்தது அதுவல்ல. நானூறு பேருக்கு முன்னால் அவர் மூக்குடைபடவேண்டும் என்று நினைத்தேன். குசினிக்குள் யாருமில்லை, பார்த்தது நானும் அவரும்தான். அவர் இன்றுவரை ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை. திறந்தால் ஏன் என்று சொல்லவேண்டி வருமே. மண்டபத்துக்குள் நான் தலையை நீட்டிப் பார்த்தபோது வேறு ஒன்றைக் கண்டேன். ஒலிபெருக்கி செத்துப்போய், மேடை இருண்டு, சனம் சலசலத்துக்கொண்டிருந்த அந்த நேரத்திலும் தாரணி ஆட்டத்தை நிறுத்தவில்லை. மிருதங்கக்காரரும் விடவில்லை. சனம் மெல்ல அடங்கி, அவளுடைய சலங்கைச் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. வெளிச்சம் வந்தபோது அவள் முகம் முழுக்கக் கண்ணீர், ஆனால் கால் தாளம் தப்பவில்லை. நீ எழும்பி நின்று கைதட்டினாய். மெழுகுதிரி கொண்டுவந்த பிள்ளை அது. தகப்பனுக்கு ஓங்கிய கை அந்தப் பிள்ளையின் முகத்தில் விழுந்தது. பரமண்ணையிடம் நான் இன்றைக்கும் மன்னிப்புக் கேட்கமாட்டேன், அவர் என் காலில் விழுந்தாலும் நான் மன்னிக்கவும் மாட்டேன். தாரணியிடம் கேட்கவேண்டும். பிளாக்ஹவுஸ் பேயில் மருந்துக்கடையில்தான் நிற்கிறாள், மாதாமாதம் அப்பாவின் மாத்திரையை எடுத்துத் தந்து “ஹவ் ஆர் யூ அன்ரி” என்கிறாள். ஒவ்வொரு மாதமும் சொல்லிவிடுவோம் என்று போவேன், மாத்திரையோடு திரும்பி வருவேன். இந்தக் கடிதத்தின் இன்னொரு பிரதி அவளுக்கு.

இப்போது உன்னிடம் வருகிறேன். பிரீபே மீற்றரே கூடாது என்று நான் சொல்லவில்லை. சினா அதைத்தான் விரும்பி வைத்திருந்தாள். கம்பனிக்கு வைப்புப்பணம் கட்டிவைக்கத் தேவையில்லை, புதிதாக வந்தவர்களிடம் கடன் கட்டின வரலாறு கேட்கமாட்டார்கள் என்று அதில் நல்லதும் உண்டு. ஆனால் அது அவள் பெயரில் இருந்தது, அவளே காசு போட்டாள், எவ்வளவு மிச்சம் என்று அவளே பார்த்தாள், வேண்டாமென்றால் அவளே மாறுவாள். ஒருத்தரிடமும் தட்டு கொண்டுபோய் நிற்கவில்லை. உன் அட்டவணையில் எல்லாம் இருக்கிறது, ராசா. உனக்கு எது தலையிடி இல்லை என்று இருக்கிறது. அந்தப் பிள்ளைக்கு எது மலிவு என்று ஒரு வரி இல்லை. நேற்று வீட்டுக்கு வந்து நானே போட்டுப் பார்த்தேன், சினா சொல்லித்தந்த மாதிரி, கடித உறையின் பின்பக்கத்தில். அவர்கள் போன மாதம் பாவித்த அதே அளவுக்கு, மாதப் பில் முறையில் நேரத்துக்குக் கட்டினால் உன் பச்சை வரியைவிடக் குறைவு. மிஞ்சுகிற காசுக்கு அந்தக் குழந்தை பகலில் வீட்டிலேயே சூடாகக் கிடக்கலாம்.

நீ பரமண்ணை இல்லை என்று சொல்வாய். உண்மைதான், உன்னுடையது உண்மையான மீற்றர், பொய்ச் சுவிட்ச் இல்லை. அவரும் எங்களுக்கு முன்பு கீழ்வீட்டில் இருந்தவர்களிடம் நேரே சாம்பல் பெட்டியோடு தொடங்கியிருக்கமாட்டார். முதலில் தலையிடிக்கு என்று ஒரு ஐந்து டொலர் எடுத்திருப்பார். ஒருவரும் பில் கேட்கவில்லை. பிறகு பத்து. அதற்கும் கேட்கவில்லை. அவர் என்னை ஏமாற்றினது எனக்கு ஆறிப்போகக்கூடும், சாகிறதுக்குள் என்றாவது. என் வயிற்றில் பிறந்த பிள்ளை அவருடைய படியில் நின்று காசு வாங்குவதைப் பார்க்க என்னால் ஏலாது. நான் இத்தனை வருடம் வைத்திருந்த கறுவம் எல்லாம் உனக்காகத்தான் வைத்திருந்தேன். உனக்கு எதிராகப் பாவிக்கவேண்டி வருமென்று நினைக்கவில்லை.

இன்று காலை மாசிக்குப் பஸ் ஏறிப் போனேன். நீ நகரத்தில் வேலையில் இருந்தாய். ஜெனிற்றாவோடு இருந்து தேத்தண்ணி குடித்தேன். அவளுடைய போனில் முகவரியைப் போட்டு, பின்வீட்டு மீற்றரின் இலக்கத்தை எடுத்து எழுதிக் கொடுத்தேன். நாலு கம்பனியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எப்படிப் பார்ப்பது என்று காட்டினேன். “ஐயோ அன்ரி, தம்பியிட்டை எப்பிடி பில் கேக்கிறது? எங்கடை ஆக்களெல்லோ” என்றாள். என்னுடைய பழைய வாயை அந்தப் பிள்ளையின் முகத்தில் பார்த்தேன். கேள் என்றேன். நான் கேட்காததால் இரண்டு வருடம் போனது என்றேன். கேட்க உனக்கு வாய் வராவிட்டால் நான் கேட்கிறேன் என்றேன். இதோ கேட்டுவிட்டேன். வெள்ளிக்கிழமை பின்னேரத்துக்குள் கணக்கை அவர்கள் பெயருக்கு மாற்று, அவர்கள் எந்தக் கம்பனியைச் சொல்கிறார்களோ அதற்கு. எடுத்த ஐந்து ஐந்து டொலரையும் திருப்பிக் கொடு. காஸ் பங்கிலிருந்து குழந்தையை எடு. அவளுடைய தட்டு உன் சிங்கில் கிடக்கிறது. கழுவு, ஆனால் வெறும் தட்டாகக் கொடுக்காதே.

செய்யாவிட்டால் என்ன என்று கேட்கிற ஆள் நீ. சொல்கிறேன். சனிக்கிழமை காலை குடிபூரலுக்கு நாற்பது பேர் வருகிறார்கள். பால் காய்ச்சுவது உன் புது மின்சார அடுப்பில். குசினிப் பொறுப்பு எனக்கு. உன் வீட்டு மெயின் சுவிட்ச் குசினிக் கதவுக்குப் பின்னால் இருக்கிறது, நேற்றே பார்த்துவிட்டேன். பால் விளிம்புக்கு ஏறி, ஐயர் மணியைக் கையில் எடுத்து, எல்லாரும் எட்டிப் பார்க்கிற அந்த நேரம் வரைக்கும் காத்திருப்பேன். காத்திருப்பது எனக்குப் புதிதல்ல. பரமண்ணையையும் அப்பா கூப்பிட்டிருக்கிறார், வயதான மனிதர், முன்னுக்குக் கதிரை போட்டு இருத்துவார்கள். கரண்ட் நின்றதும் மற்றவர்களெல்லாம் விளக்கைப் பார்ப்பார்கள். அவர் மட்டும் திரும்பி என்னைப் பார்ப்பார். பிறகு பின்வீட்டையும் ஜெனிற்றாவையும் பார்ப்பார். கடைசியாக உன்னைப் பார்ப்பார், அட, நீயும் நம்மடை ஆள்தான் என்று. அந்தப் பார்வையை நீ எப்படித் தாங்குவாய் என்று எனக்குத் தெரியாது. நான் தாங்கமாட்டேன், ஆனாலும் கையை நீட்டிக்கொண்டு உனக்கு முன்னால் வந்து நிற்பேன். ஐம்பது டொலர் காசாக வைத்திரு.

கம்பனிக்காரர் சனிக்கிழமைகளில் வெட்டுவதில்லை, ராசா. நான் வெட்டுவேன்.

அம்மா